வீழ்ந்த மரத்திலும் பழைய மரத்திலும் கமக்காரர் செய்துகொள்ளத்தக்க பொருள்கள்

காலபோக நெல் வீடு வந்து சேர்ந்ததற்கும் அடுத்த பயிருக்கு நிலம் பண்படுத்தத் தொடங்குவதற்கும் இடையே கமக்காரருக்குச் சில கிழமைகள் ஓய்வு கிடைக்கின்றது. சூடு மிதித்த காலத்தில் இவ்வோய்வு குறுகியதாயிருந்தது; அறுவடை இயந்திரம் வயலுக்கு வந்தபின் நீண்டுவிட்டது. இக்காலத்திற் பல வளவுகளில் ஒரே காட்சியைக் காணலாம். மாரிக் காற்றில் வீழ்ந்த வேம்பொன்று வேலியோரத்திற் கிடக்கும். பழைய வீட்டைப் பிரித்தபோது இறக்கிய தீராந்திகளும் கைமரங்களும் மாட்டுக் கொட்டிலின் பின்புறத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்து கெடும். விறகு வியாபாரி வந்து பார்த்து, தாம் நினைத்த விலையைக் கூறி ஏற்றிச் செல்வார். அதே கிழமையில் அவ்வீட்டார் கடைக்குச் சென்று மண்வெட்டிப் பிடியொன்றைப் பணங் கொடுத்து வாங்குவர். அப்பிடி போகம் முடியுமுன் முறிந்துவிடும்.

இப்பிரசுரம் தச்சுத் தொழிலைக் கற்பிப்பதற்காக எழுதப்பட்டதன்று. கதவு, யன்னல், கூரை முதலியவற்றைத் தச்சரிடமே ஒப்படைத்தல் வேண்டும். ஆனால் பிடி, பலகைக்கட்டை, துருவலைக்கட்டை, வெங்காயம் பரப்பும் தட்டு என்பன போன்றவற்றை ஓய்வு நேரத்திற் பொழுதுபோக்காகவே செய்துகொள்ளலாம். அவற்றுக்கு வேண்டிய மரம் பெரும்பாலும் வளவிலேயே இருக்கின்றது. வேண்டுவது இரண்டு காரியங்களில் அறிவு: எந்த மரம் எதற்கு உதவும் என்பதொன்று, எந்த மரத்திற் கை வைக்கலாகாது என்பது மற்றொன்று. பின்னையது நம் பகுதிகளில் உயிரோடும் கண்ணோடும் தொடர்புடையதாகையால் அதனைச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது.

மரத்தைக் கிடக்கவிடுதல் கூடாது

தென்னையோ பனையோ வீழ்ந்தால் அதனை எவ்வகையிலேனும் பயன்படுத்துதல் அல்லது அழித்தல் கமக்காரரின் கடமையாகும். உக்கத் தொடங்கிய தென்னங்குற்றியும் பனங்குற்றியும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவதற்கு மிக விரும்பும் இடங்களாகும். முட்டையிலிருந்து வண்டாக வெளிவர ஏறத்தாழ ஆறு மாதங்கள் செல்லும். அக்காலமெல்லாம் பருத்த வெண்புழுக்கள் குற்றியினுள்ளே மறைந்து வளரும். வெளிவந்த வண்டு உயிருள்ள தென்னையின் குருத்தைத் துளைக்கும். அத்துளையை நாடிச் செவ்வண்டு வரும். அதன்பின் மரத்தைக் காப்பாற்றுதல் அரிது. 1978 நவம்பரிற் கிழக்கு மாகாணத்தைத் தாக்கிய சூறாவளியிற் போன்று பெருந்தொகையான தென்னைகள் ஒருங்கே வீழும்போது இவ்வாபத்து ஊர் முழுவதற்கும் உரியதாகின்றது. ஒரு வளவிற் கிடக்கும் இரண்டு குற்றிகள் அயல் வளவுத் தென்னைகளுக்குப் போதிய கேடு விளைவிக்கும். ஆதலால் வீழ்ந்த குற்றியை அடுத்த மாரிக்கு முன்னரே அரிந்து அல்லது பிளந்து உலரவைத்தல் வேண்டும். பயன்படாத நடுப்பகுதியையும் தலைப்பகுதியையும் வெட்டி எரித்துவிடலாம்.

இவ்விடத்திற் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நின்ற மரத்தைத் தறிப்பது வேறு, வீழ்ந்த மரத்தை எடுப்பது வேறு. பலா, ஈரப்பலா, பனை ஆகியவற்றைத் தம் சொந்த வளவிலேனும் அனுமதியின்றித் தறித்தலாகாது. மரத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வதற்கும் பல வகை மரங்களுக்கு அனுமதிப்பத்திரம் தேவை. ஆகவே அரிவு ஆலைக்கு ஏற்றுமுன் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டறிதல் நன்று. காட்டிலே வீழ்ந்து கிடக்கும் மரம் எவருக்கும் உரியதன்று என எண்ணுவாரும் உளர், அவ்வெண்ணம் பிழையானது. அரச காட்டில் வீழ்ந்த மரமும் அரசுக்கே உரியது.

எந்த மரம் எதற்கு உதவும்?

வேம்பு நம்மிடம் எங்கும் உண்டு. அதன் வைரம் செந்நிறமானது. பூச்சிகள் எளிதில் அண்டா. ஆனால் நார் ஒன்றுக்கொன்று மாறி ஓடுவதால் சீவுளி இடுகையில் ஒரு பக்கத்தில் வழவழப்பாகச் சீவப்படும். அடுத்த அங்குலத்திற் பிய்ந்துவரும். உளியின் வாயை நன்கு கூராக்கி, மிக மெல்லிய சீவலாக எடுத்தாலன்றி வேம்பு பணியாது. பலகைக்கட்டைக்கும் பெட்டிக்கும் அது நல்லது. புளி மிகக் கடினமும் பாரமும் உடையது. கொட்டாப்புளி, இறைச்சி வெட்டுங் குற்றி, உரல் என்பவற்றுக்கு அதற்கு நிகரான மரம் வளவில் இல்லை. பூவரசின் வைரம் கருமை கலந்த கபில நிறமுடையது; இழுத்தாலும் அடித்தாலும் தாங்கும். பிடி செய்வதற்குப் பூவரசையே நான் முதலாவதாகக் கூறுவேன். பலா மரத்தின் மஞ்சள் வைரத்தைக் கறையான் எளிதில் அரிக்காது. அதனைச் சூழ்ந்த வெளிறிய பகுதி அத்தகையதன்று. மாமரம் மென்மையானது, உளுவண்டுக்கு விருந்து. அதனைப் பெட்டிப் பலகையாகவும் இரண்டொரு வருடம் பயன்பட்டாற் போதுமெனக் கருதும் பொருள்களுக்காகவும் மட்டுமே கொள்ளலாம்.

பலரும் கவனியாத மரமொன்று வேலியில் நிற்கின்றது. கிளிசிறியாக் கதியால்களைப் பசளைக் குழைக்காக ஆண்டுதோறும் வெட்டுகின்றோம். குழையை வயலுக்கும் தடியை அடுப்புக்கும் அனுப்புகின்றோம். முதிர்ந்த கிளிசிறியாவின் தடி கடினமும் உரமும் வாய்ந்தது. அதில் ஆயுதப் பிடிகள் செய்யலாம். ஆண்டுதோறும் மொட்டையடிக்கும் வேலியில் நேரான கதியால்கள் நாலைந்தை மட்டும் விட்டுவைத்து, கவர்க் கிளைகளைச் சிறிதாயிருக்கும்போதே கழித்து வந்தால், சில ஆண்டுகளிற் பிடிக்கு வேண்டிய மரம் வேலியிலேயே விளைந்துவிடும்.

பனையும் தென்னையும் மேற்கூறிய மரங்களைப் போன்றவையல்ல. வேம்பிலும் பலாவிலும் வைரம் நடுவிலே உள்ளது. பனையிலோ வைரம் புறத்திலும் சோற்றி அகத்திலும் இருக்கும். முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியில், வெளிப்புறத்து இரண்டொரு அங்குலத் தடிப்பே உண்மையான மரமாகும். மேலே செல்லச் செல்ல அத்தடிப்புக் குறையும். இளம் பனையில் வைரமே இல்லையெனலாம். யாழ்ப்பாணத்துப் பனைமரம் ஒல்லாந்தர் காலத்திலேயே கடல் கடந்து விற்பனையானது இவ்வைரத்தின் பொருட்டேயாகும். அதன் கருநார்கள் ஊசி போன்றவை. வெறுங் கையாற் பனஞ்சலாகையைத் தடவிப் பார்த்தலாகாது. சிராய் ஏறினால் உடனே எடுத்துக் கழுவுதல் வேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி ஏற்றிக்கொண்டு நெடுங்காலமாயின் வைத்தியசாலைக்குச் செல்லுதலும் வேண்டும்.

உலர்த்தும் முறை

பச்சை மரத்தின் எடையில் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை நீராயிருத்தல் கூடும். அந்நீர் வெளியேறும்போது மரம் சுருங்குகின்றது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையிற் சுருங்குவதைப்போல், வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். இதனாலேயே உருண்டையாக விட்ட குற்றி பட்டையிலிருந்து நெஞ்சு வரை வெடிக்கின்றது. வெடிப்பதற்கு முன் நாமே நெஞ்சின் வழியாகப் பிளந்துவிட்டால் அது தானாக வெடிக்க வேண்டிய தேவை பெரிதும் நீங்கும். ஆகவே வீழ்ந்த வேம்பையோ பூவரசையோ ஒரு கிழமைக்குள் வேண்டிய நீளங்களாகத் துண்டித்து, ஆப்பு வைத்து இரண்டாகவோ நாலாகவோ பிளந்து, பட்டையை உரித்து வைத்தல் வேண்டும். பட்டை இருக்கும்வரை உலர்தலும் தாமதமாகும். அதன் கீழ் வண்டும் குடியேறும்.

மரத்தின் நீர் பக்கங்களிலும் பார்க்க அந்தங்களால் விரைவாக வெளியேறும். அந்தங்கள் முன்னதாகச் சுருங்கி வெடிப்பதற்கு அதுவே காரணம். அறுத்த அன்றே அந்தங்களுக்கு மெழுகை உருக்கியோ மிஞ்சிய பெயின்றைக் கொண்டோ தடிப்பாகப் பூசுதல் வேண்டும். இரண்டும் இல்லாவிடத்துச் சாணியும் களியும் குழைத்துப் பூசும் பழைய வழக்கமே போதும். பின்பு காற்றோட்டமுள்ள நிழலில், நிலத்துக்கு ஓரடி மேலே, பலகைக்குப் பலகை இடையே ஒரே தடிப்பான சலாகைகளை வைத்து அடுக்குக. சலாகைகள் ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக அமைதல் வேண்டும். இல்லாவிடிற் பலகை வளையும். சோளகம் வீசும் மாதங்களில் அடுக்கின் அந்தங்கள் காற்றுக்கு நேர்முகமாக இருக்க விடாதீர்கள். அக்காற்று வெங்காயத்தை உலர்த்த நல்லது. பச்சைப் பலகையை உலர்த்த மிகக் கொடியது. வெயிலிற் போட்டு விரைவில் உலர்த்திவிடலாம் என எண்ணுவோர் விறகையே பெறுவர்.

உலர்ந்ததை அறிவது எவ்வாறு? தட்டிப் பார்த்துக் கூறுவோர் உண்டு. அதற்குப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். வெங்காயம் நிறுக்கும் தராசு நம்மிடம் உண்டு. அடுக்கிலுள்ள ஒரு பலகையில் அடையாளமிட்டு, கிழமைக்கொருமுறை நிறுத்து, நிறையைச் சுவரிற் குறித்து வருக. தொடர்ந்து மூன்று கிழமைகளுக்கு நிறை குறையாதிருப்பின் மரம் உலர்ந்துவிட்டது. தடிப்பான துண்டுக்கு மெல்லிய பலகையிலும் பார்க்கப் பன்மடங்கு காலம் செல்லும்.

பழைய மரத்தில் மறைந்திருப்பவை

பழைய வீட்டு மரத்துக்கு ஒரு பெருஞ் சிறப்பு உண்டு. அது பல்லாண்டுகள் கூரையின் கீழிருந்து முற்றாக உலர்ந்தது. இனிச் சுருங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை. முதிரை, பாலை, யாவரணை முதலிய காட்டு மரங்களை இன்று விலை கொடுத்து வாங்குதல் எளிதன்று. அவை பழைய தீராந்திகளிலும் நிலைகளிலும் இருக்கின்றன. இவற்றை விறகு விலைக்குக் கொடுப்பது போன்ற நட்டம் வேறில்லை. கறுத்துப் போன மேற்பரப்பில் ஒரு சாண் இடத்தைச் சீவிப் பார்த்தபின்னரே எதனையும் விற்பதா வைப்பதா எனத் தீர்மானித்தல் தக்கது.

எனினும் வட கிழக்கு மாகாணங்களின் மரத்தில் வேறு நாட்டு நூல்கள் கூறாத ஆபத்தொன்று உண்டு. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின்போது எறிகணைத் துண்டுகளும் துப்பாக்கிச் சன்னங்களும் மரங்களினுள்ளும் கூரைகளினுள்ளும் புதைந்தன. வாள் அவற்றிற் பட்டாற் பல் முறியும். அரிவு ஆலையின் வட்ட வாளாயின் முறிந்த துண்டு பறந்து ஆளைக் கொல்லவும் கூடும். இங்கே மரத்தின் வகையை அறிதல் உதவுகின்றது. பனையும் தென்னையும் தம் காயத்தைப் புது மரத்தால் மூடுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் துண்டு புகுந்த துளை இன்றும் வெளியே தெரியும். வேம்பு, புளி, பலா, பூவரசு ஆகியவை அவ்வாறல்ல. ஆண்டுக்காண்டு புதிய மரத்தைச் சுற்றிலும் வளர்த்துக் காயத்தை மூடிவிடும். வெளியே பார்ப்பவருக்குச் சிறிய புடைப்போ பட்டையிற் கோணலான தழும்போ மட்டுமே தென்படும். சிலவேளை அதுவும் தென்படாது. ஆகவே பழுதற்ற பட்டையையுடைய வேம்பே, துளை தெரியும் பனையிலும் பார்க்க ஐயத்துக்குரியது.

பழுதடைந்த ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்தைக் கழற்றி நூலிற் கட்டித் தொங்கவிட்டு, மரத்தின் மேற்பரப்பையொட்டி மெதுவாகக் கொண்டுசெல்லுக. இரும்பு அண்மையிலிருந்தாற் காந்தம் அப்பக்கம் சாயும். ஆழத்திலுள்ள இரும்பை அது காட்டாது. ஆதலால் ஒவ்வொருமுறை பிளந்த பின்பும் சீவிய பின்பும் திரும்பவும் பார்த்தல் வேண்டும். ஈயமும் செம்பும் காந்தத்துக்கு அகப்படா என்பதையும் மறத்தலாகாது. பல சன்னங்கள் அவற்றாலானவை. அறுத்த முகத்தில் நீலங் கலந்த கருமை படர்ந்திருந்தால் அவ்விடத்தில் இரும்பு உண்டெனக் கொள்ளலாம். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாகும் மை அது. இத்தகைய ஐயமுள்ள மரத்தை ஆலைக்கு அனுப்பாது, ஆப்பினாற் பிளத்தலே பாதுகாப்பானது. ஆப்பு முறியாது; இரும்பைக் கண்டால் அது சுற்றிப் போகும். எவ்வேலையின்போதும் கண்காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். துண்டாகவன்றி முழுப்பொருளாக ஏதேனும் மரத்தினுள்ளோ வேர்களிடையோ காணப்படின், தொடாது, அசைக்காது, பிள்ளைகளை அகற்றிவிட்டுப் பொலிசாருக்கு அறிவியுங்கள். இங்கு ஆண்மை காட்ட இடமில்லை.

பதுங்குகுழிகளிலிருந்து எடுத்த புகையிரதச் சிலிப்பர் கட்டைகள் இன்றும் சில வளவுகளில் உள்ளன. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் ஓடாதிருந்த காலத்தில் அவை பலவாறு பயன்பட்டன. 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்துவிட்டது. கட்டைகள் வளவிலேயே தங்கிவிட்டன. மரக்கட்டை உக்காதிருக்கும்பொருட்டுக் கீலிலிருந்து எடுக்கும் எண்ணெயை அதில் ஊட்டியிருப்பர். கரிய நிறமும் கீல் மணமும் உடைய கட்டை எதனையும் மரக்கறிப் பாத்திக்கு வரம்பாக வைத்தலாகாது; வீட்டுத் தளபாடமாக்கலாகாது; அடுப்பில் எரித்தலும் ஆகாது. வேலித் தூணாக நட்டுவிடுதலே அதற்கு ஏற்ற வேலை.

பழைய கதவுகளிலுள்ள பெயின்றில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதனை அரத்தாளினாற் காய்ச்சலாகத் தேய்த்தால் எழும் தூசி பிள்ளைகளின் மூளைக்குக் கேடு செய்யும். நீரில் நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைத் திரட்டி அப்புறப்படுத்துக, தோட்டத்திற் கொட்டாதீர்கள். பழைய வள்ளத்துப் பலகை உப்பை உள்ளே கொண்டிருக்கும். அவ்வுப்பு ஈரத்தை இழுத்து ஆணிகளை அரிக்கும். ஒரு மாரி முழுவதும் மழையில் விட்டு உப்பைக் கழுவி, பின்பு நிழலில் உலர்த்தியே அதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

வெளிநாட்டுச் சரக்குகளோடு வரும் மரத்தட்டுகளைப் பிரித்து நாற்றுப் பெட்டி செய்யும் வழக்கம் இப்போது பரவி வருகின்றது. அத்தட்டின் பக்கத்தில் நெற்கதிர் போன்ற கோதுமைக் கதிர் அடையாளமொன்று சூட்டினாற் பொறிக்கப்பட்டிருக்கும். அதனருகே ‘எச்.ரி.’ என்ற ஆங்கில எழுத்துக்கள் இருப்பின், பூச்சிகளைக் கொல்வதற்காக மரம் சூடேற்றப்பட்டதென்பது பொருள், அதனைப் பயன்படுத்தலாம். ‘எம்.பி.’ என்றிருப்பின், மெதைல் புரோமைட்டு என்னும் நச்சு வாயு ஊட்டப்பட்டது. உணவுப் பயிருக்கு அதனை விலக்குக. அடையாளமே இல்லாத தட்டையும், எண்ணெயோ மருந்தோ சிந்திய தட்டையும் நாற்றுக்குக் கொள்ளாதிருத்தலே நன்று.

மண்வெட்டிப் பிடி

புதிதாகத் தொடங்குவோர் மண்வெட்டிப் பிடியையே முதலிற் செய்தல் வேண்டுமென்பது என் கருத்து. ஒரு கோடரி, வாய்ச்சி, கைவாள், சீவுளி, அரம், கொட்டாப்புளி இவ்வளவே போதும். அன்றியும், பிழையாகச் செய்த நாற்காலி மூலையில் நிற்கும். பிழையாகச் செய்த பிடியோ முதல் நாளிலேயே கையிடம் உண்மையைக் கூறிவிடும்.

கடைப் பிடி முறிவதற்குக் காரணம் மரத்தின் மென்மை மட்டுமன்று. பலகையிலிருந்து வாளால் நேராக அரிந்தெடுக்கும்போது, மரத்தின் நார் எங்ஙனம் ஓடுகின்றது என்பதை வாள் பார்ப்பதில்லை. நார் பிடியின் நடுவிலேயே சரிந்து வெளியேறிவிடும். அவ்விடத்திற் பிடி மரமாயிராது. ஒட்டிய இரு துண்டுகளாகவே இருக்கும். முறிந்த பிடியொன்றை எடுத்துப் பாருங்கள்: குறுக்கே முறிந்திராது, நீண்ட சரிவாகவே முறிந்திருக்கும். இதற்குப் பரிகாரம் அரியாது பிளத்தல். ஐந்தாறு அங்குலப் பருமனுள்ள நேரான பூவரசங் கிளையையோ முதிர்ந்த கிளிசிறியாவையோ வேண்டிய நீளத்திலும் நாலங்குலம் கூட்டி அறுத்து, ஆப்பு வைத்து நாலாகப் பிளக்குக. பிளவு நாரின் வழியே போகும். வளைந்து போயின் அம்மரம் பிடிக்கு உதவாதென்பதை ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்ளலாம். நாள் முழுவதும் உழைத்தபின் அறியவேண்டியதில்லை. நடு நெஞ்சைச் சீவி அகற்றிவிடுதல் வேண்டும். கைப்பருமனான கம்பை உள்ளபடியே மாட்டும் வழக்கம் இன்னும் உண்டு. அதில் நெஞ்சு பிடியினுள்ளேயே இருப்பதால், உலரும்போது நீளமாக வெடித்து உள்ளங்கையைக் கடிக்கும்.

பிளந்த துண்டுகளை முன் கூறியவாறு உலர்த்துக. பச்சைப் பிடியை மாட்டினால் முதற் கிழமையில் இறுக்கமாயிருக்கும். உலர்ந்ததும் ஆடத் தொடங்கும். ஆடும் மண்வெட்டியை இரவிலே தொட்டியில் ஊறவைத்து இறுக்குவது பலர் கையாளும் உபாயம். அன்றைக்கு அது இறுகும். ஆனால் ஊதிய மரம் இரும்புக் கண்ணினுள் நசுங்கி, மறுபடி உலரும்போது முன்னையிலும் மெலிந்துபோகும். ஒவ்வொருமுறை ஊறவைக்கும்போதும் பிடி அடுத்த முறைக்கு இன்னும் தளர்ந்ததாகவே ஆயத்தமாகின்றது. இவ்வாறு தளர்ந்த மண்வெட்டியின் தகடு கழன்று பறந்து அருகில் நின்றவரின் காலை வெட்டிய சம்பவங்களும் உண்டு.

உலர்ந்த துண்டை முதலில் வாய்ச்சியால் சதுரமாக்குக. சதுரத்தின் நான்கு மூலைகளையும் சீவி எண்கோணமாக்குக. அதன் பின்னரே உருட்டுதல் வேண்டும். தொடக்கத்திலேயே உருட்ட முயன்றால் ஓரிடம் பருத்தும் ஓரிடம் மெலிந்தும் போகும். கண்ணினுட் செல்லும் அந்தத்தைச் சிறிது பருமனாகவே விட்டு, கண்ணின் உட்புறத்தில் அடுப்புக் கரியைப் பூசி, பிடியை உட்செலுத்தி வெளியே எடுத்துப் பார்க்குக. கரி பட்ட இடம் மேடு. அவ்விடத்தை மட்டும் அரத்தாற் தேய்த்தல் வேண்டும். பத்துப் பதினைந்து முறை இவ்வாறு செய்தால், கண்ணின் சுவர் முழுவதும் மரத்தைத் தொடும். அத்தகைய பிடிக்கு ஆப்பு ஒரு துணையேயன்றி ஆதாரமன்று. ஆப்பினை நன்கு உலர்ந்த புளியிலோ பாலையிலோ செய்க.

நீளத்தைப் பற்றி: கடைப் பிடி எல்லோருக்கும் ஒரே அளவாக வருகின்றது, கமக்காரரின் முதுகு அவ்வாறன்று. ஐந்தடி மனைவியும் ஆறடிக் கணவனும் ஒரே பிடியாற் பாத்தி கொத்துகின்றனர். இருவரில் ஒருவருக்கு நாரி நோவு வருதல் நிச்சயம். பிடியை முதலில் நீளமாகவே விட்டு, ஒரு நாள் முழுவதும் வேலை செய்து பாருங்கள். மறுநாள் ஓரங்குலம் குறையுங்கள். மீண்டும் வேலை செய்யுங்கள். முதுகு எவ்வளவிற் குறைவாக வளைகின்றதோ, அதே வேளையிற் பிடியின் அந்தம் தொடையில் இடியாதிருக்கின்றதோ, அவ்வளவே உங்கள் நீளம். குறைத்தல் எப்போதும் இயலும், கூட்டுதல் இயலாது. வரம்பு கட்டுவதற்கும் வெங்காயப் பாத்திக்கும் வெவ்வேறு நீளம் வேண்டியிருத்தலும் இயல்பே.

முடிவில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து ஒரு நாள் விட்டு, மிகுதியைத் துடைத்து, இரண்டு மூன்று முறை அவ்வாறே செய்க. அது காற்றில் உறைந்து மரத்தைக் காக்கும். தேங்காயெண்ணெய் உறையாது, கையிற் பிசுபிசுக்கும். உழவு இயந்திரத்தின் கழிவெண்ணெயை எவ்வாற்றானும் பூசாதீர்கள். அது தோலுக்குத் தீங்கானது. ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையிற் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் கொடியிற் காயவைத்தபின் எறியுங்கள்.

ஆணியின்றிப் பொருத்துதல்

பிடியைச் செய்து பழகியவர் வெங்காயத் தட்டைச் செய்யலாம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். ஒன்றரை அங்குல அகலமுள்ள பனஞ்சலாகைகளை அரை அங்குல இடைவெளி விட்டுப் பரப்பினால் கீழிருந்தும் காற்று வெங்காயத்தை அடையும். பனஞ்சலாகையில் ஆணியை நேரே அடித்தால் ஒன்றில் ஆணி வளையும், அல்லது சலாகை பிளக்கும். துளையிட்டபின்னரே எதனையும் செலுத்துதல் வேண்டும். துளையிடுவதே வேலையாயின் இரும்பாணி எதற்கு? உலர்ந்த புளியில் மர ஆணி சீவி அடிக்கலாம். துருப்பிடியாது, அடுத்த முறை சீவுளியையும் கெடுக்காது. மர ஆணியை அடுப்படியில் நன்கு உலர்த்தி வைத்திருந்து அடித்தால், அது பின்னர்க் காற்றின் ஈரத்தை ஏற்று ஊதித் தானே இறுகிக்கொள்ளும். துளைக்குச் சரியாக உருட்டாது எண்கோணமாகவே விடுதல் நன்று. அதன் விளிம்புகள் துளையின் சுவரைக் கவ்விக்கொள்ளும். கால்களின் கீழே சீமெந்துக் கல் வைத்தாற் கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

மர ஆணியை எளியோரின் உபாயமெனக் கருதவேண்டாம். கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியிற் கோக்கப்பட்டுள்ளன. பேராதனையில் மகாவலி கங்கைக்கு மேலே முதிரை மரத்தாற் கட்டப்பட்ட 205 அடி நீளமான பாலத்தில் இரும்பாணியோ திருகாணியோ இல்லை. 1833 முதல் 1905இல் அகற்றப்படும்வரை வண்டில்கள் அதன்மேற் சென்றன.

பலகைக்கட்டைக்கும் துருவலைக்கட்டைக்கும் வேம்பும் பலாவும் பொருத்தமானவை. துருவலையின் இரும்பு நாக்குப் பழையதாயினும் நல்லதாயிருப்பின் அதையே புதுக் கட்டையிற் பொருத்தலாம். உட்காரும் பலகையில் நார் முன்னும் பின்னுமாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஒரு நாள் தேங்காயோடு ஆளும் கீழே இருப்பார். மற்றவற்றைச் செய்கை தானே கற்பிக்கும்.

சீவலையும் மரத்தூளையும் என்ன செய்வது?

பலர் இவற்றை அப்படியே கத்தரிப் பாத்தியிலும் மிளகாய்ப் பாத்தியிலும் கொத்திவிடுகின்றனர். புதிய மரத்தூளை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளித்து நின்றுவிடும். ஆகவே சாணியும் பசுங்குழையும் கலந்து கூட்டெருக் குவியலில் இட்டு, தூளென அடையாளம் தெரியாதவாறு உக்கியபின்னரே பாத்திக்கு இடுதல் வேண்டும். கூட்டெருக் குவியலிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும். இரண்டு மாதத்துக்கொருமுறை கிளறி, காணும் வெண்புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்கு இடுக. பெயின்ற் பட்ட சீவலையும், கீல் ஊட்டிய கட்டையின் தூளையும், ‘எம்.பி.’ அடையாளமுள்ள தட்டின் துண்டுகளையும் இக்குவியலிற் சேர்த்தலாகாது.